கிள்ளானில் தொலைந்த மூன்றாவது கியர்

கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் பத்திரிகை அனுப்புவார்கள். என் தங்கை செல்வி பத்திரிகையோடு ஓர் உத்தரவும் அனுப்பினாள். "வெளிநாட்டுல கார் ஓட்டுற லைசென்ஸ் எடுத்துட்டு வாங்கண்ணே. தர்ஷினிய நீங்கதான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

நான் கரூரில் கணக்கு வாத்தியார். டிரைவர் வேலை பார்க்க மலேசியா வரை வர வேண்டுமா என்று கேட்டேன். கேட்டேனே தவிர, உள்ளுக்குள் பெருமைதான். 'முப்பது வருஷமா கியர் போட்ட கை இது' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் அளந்துவிட்டது கடல் தாண்டி வேலை செய்திருக்கிறது.

விஷயம் இதுதான். செல்வி வாழ்க்கைப்பட்டது கிள்ளானில். அவள் கணவர் குணா, அதாவது என் மச்சான், ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். ஒரே மகள் தர்ஷினி. அவள் பிறந்த வருஷம் மச்சான் வாங்கிய வெள்ளைக் கார் இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. உன் கல்யாணத்தன்று இந்தக் காரில் நானே உன்னை ஓட்டிப் போவேன் என்று அவள் சிறுமியாக இருந்தபோதே சொல்லி வைத்திருந்தார். கல்யாணம் நெருங்கும் நேரத்தில் பாசார் என்று அங்கே சொல்லும் மீன் சந்தையில் வழுக்கி விழுந்து, இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. வலது கால் ஒன்றை வைத்துக்கொண்டு ஆட்டோமேட்டிக் கார் ஓட்டிவிடலாம். கிளட்ச் இருக்கிற வண்டிக்கு இடது கால் வேண்டுமே.

மாப்பிள்ளையின் நண்பர்களைக் கேட்டிருக்கிறார்கள். அங்கே இளசுகளில் பலர் ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டுகிற லைசென்ஸோடு நின்றுவிடுகிறார்களாம். பெரிசுகளுக்கோ கிளட்ச் மறந்தே போய்விட்டது. வேறு காரில் போகலாமே என்று மச்சான் முகத்தைப் பார்த்துச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. தாய்மாமன் ஓட்டினால் சீர் செய்த மாதிரியும் இருக்கும் என்று செல்வி முடிவு கட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை விமான நிலையத்தில் மச்சான் காத்திருந்தார். செல்வியின் ஆட்டோமேட்டிக் காரைத் தானே ஓட்டி வந்திருந்தார். இடது காலில், முழங்கால் மடங்காமல் இருக்க, தொடை முதல் கணுக்கால் வரை பட்டை. அதை ஒரு ஓரமாக நீட்டி வைத்துக்கொண்டு ஒற்றைக் காலால் ஓட்டினார். "பசியாறிட்டீங்களா?" என்றார். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே இதுதான் சொல். நம் ஊரில் டிபன் ஆச்சா என்று கேட்பதைவிட எவ்வளவு அழகாக இருக்கிறது. அதன் பிறகு நெடுநேரம் எதுவும் பேசவில்லை. அவர் செய்ய வேண்டிய வேலையைப் பறிக்க வந்தவன் நான். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

கல்யாணம் நடக்கப்போகும் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். தலைக்கு மேலே ரயில், கீழே பூக்கடை, எதிரே சீனர் கடை, அதற்குப் பக்கத்தில் வாழை இலைச் சாப்பாடு. பிளாட்பாரத்தில் ஓர் அக்கா சுடச் சுட வடை போட்டுக்கொண்டிருந்தார். கரூர் வடைக்கு ஓட்டை சின்னது, எண்ணெய் அதிகம். இது குண்டாக, மொறுமொறுப்பாக இருந்தது. என் பேச்சைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்தவர், கல்யாணத்துக்குக் கார் ஓட்ட வந்திருக்கிறேன் என்றதும் என்னையும் மச்சானின் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு வடை சேர்த்துப் போட்டார்.

திரும்பும்போது, ரோடு பழகட்டும் என்று மச்சான் சாவியை என்னிடம் நீட்டினார். அது ஆட்டோமேட்டிக். எனக்கு முதல் தடவை. முதல் சிக்னல் வரை ராஜா மாதிரிதான் போனேன். சிவப்பு விழுந்ததும் என் இடது கால், முப்பது வருஷப் பழக்கத்தில், கிளட்ச்சைத் தேடிப் பலமாக மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி ஆணியடித்த மாதிரி நின்றது. வடைப் பொட்டலம் கண்ணாடியில் மோதி, சட்னி டேஷ்போர்டில் வழிந்தது. மச்சான் பட்டை போட்ட காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "இந்தக் காடியில இடது காலுக்கு வேலை இல்ல மச்சான்" என்றார். அங்கே காரைக் காடி என்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கரூராக இருந்தால் என் பாட்டன் பூட்டன் வரை இழுத்திருப்பார்கள். இந்த அமைதி அதைவிடக் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை காலை வெள்ளைக் காரோடு எனக்கு அறிமுகம் நடந்தது. தாமான் என்று அங்கே சொல்லும் குடியிருப்பில் வரிசை வீடுகள். எல்லா வாசலிலும் பளபளவென்று புதுக் கார்கள், நடுவில் இது. பக்கத்து வீட்டு அங்கிள் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

என் கரூர் காரில் கிளட்ச்சைத் துளி விட்டாலே வண்டி நகரும். இதில் விட்டேன், விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கால் ஏறக்குறைய மேலே வந்த பிறகு சட்டென்று பிடித்து ஒரு குதி குதித்து எஞ்சின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி குதி. அங்கிள் தண்ணீர்க் குழாயைக் கீழேயே வைத்துவிட்டார்.

மச்சான் பக்கத்து இருக்கையில் இருந்தார். ஒவ்வொரு முறை நான் கியர் மாற்றும்போதும் அவருடைய பட்டைக் கால் தன்னால் எதையோ மிதிக்கப் பார்த்தது. வலியில் முகம் சுளித்தது. அங்கேயும் நம் ஊர் மாதிரி ஸ்டியரிங் வலது பக்கம், கியர் நடுவில். அதனால் அவர் வலது கையும் தானாகக் கியர் தலைக்கு வந்துவிடும். இரண்டு தடவை எங்கள் கைகள் அங்கே மோதிக்கொண்டன. மன்னிப்புக் கேட்டுக் கையை எடுத்துக்கொண்டார். தாமானைச் சுற்றி வந்ததும், "ஓட்டிடுவீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தச் சர்டிபிகேட் எனக்கு இனிக்கவில்லை.

கல்யாண மாலைகளுக்குச் சொல்லிவர, மதியம் செல்வியும் நானும் வெள்ளைக் காரிலேயே கிள்ளான் கடைத்தெருவுக்குப் போனோம். லிட்டில் இந்தியா என்று பெயர். புடவைக் கடை, பாத்திரக் கடை, முறுக்கு வாசனை, நகைக்கடையில் சாமி பாட்டு, கார் நிறுத்த மட்டும் இடம் இல்லை. செல்வி, ஏற்கெனவே நிற்கிற கார்களுக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னாள். இங்கே எல்லோரும் அப்படித்தான் என்றாள். பார்த்தால் உண்மைதான். வரிசைக்கு வெளியே இன்னொரு வரிசை நின்றது.

நிறுத்தினேன். நம் ஊர் ஆசாமி எப்படி நிறுத்துவானோ அப்படி. எங்கள் ஊரில் ஹேண்ட்பிரேக் என்பது ஒரு நம்பிக்கை மட்டும்தான். அதை இழுத்துவிட்டு, முதல் கியரையும் போட்டு, சரிவாக இருந்தால் டயருக்குக் கல்லும் கொடுப்போம். கல் கிடைக்கவில்லை. மற்ற இரண்டையும் செய்து பூட்டிவிட்டு, மாலைக்குச் சொல்லிவிட்டு, தோசையும் தே தாரேக்கும் சாப்பிட உட்கார்ந்தோம். தே தாரேக் என்றால் நம் ஊர் ஆற்றிய டீதான், இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து ஆற்றியது.

திரும்பி வந்தபோது எங்கள் காரைச் சுற்றிக் கூட்டம். நான்கு பேர் பின்னால் தோள் கொடுத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி முன்னும் பின்னும் முனகியதே தவிர நகரவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட காரின் சொந்தக்காரி, கையில் பூக்கூடையோடு ஓர் ஆன்டி. ஒரு மலாய்க்காரர், இது எந்த ஊர் ஆள் காடி, கியரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறானே என்று கேட்டதாகச் செல்வி எனக்கு மொழிபெயர்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

அந்த ஊரின் எழுதாத சட்டம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குறுக்கே நிறுத்தலாம், தப்பில்லை. ஆனால் ஹேண்ட்பிரேக் போடாமல், நியூட்ரலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே இருக்கிறவர் வெளியே எடுக்கும்போது, நம் வண்டியை நாலு அடி தள்ளி வைத்துவிட்டுப் போவார். யார் வண்டியை யார் தள்ளினாலும் கோபமில்லை. செல்விக்கு இது மூச்சுவிடுகிற மாதிரி பழகிப்போனதால் என்னிடம் சொல்லத் தோன்றவில்லை.

"அண்ணே, ஃப்ரீல விட்டுட்டுப் போக மாட்டீங்களா? நாங்க எப்படி லா தள்றது?" என்றார் ஆன்டி. 'லா' என்பது அங்கே பேச்சுக்கு ஒட்டுகிற வால். கோபமாகக்கூட இல்லை, சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எங்கள் ஊரில் அப்படி விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வண்டி வேறு தெருவில் இருக்கும் என்று சொல்ல நினைத்தேன். அதை விழுங்கிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

முதல் கியர் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதுக்குத் தள்ளினால் கியர் கம்பி, பாயசத்தில் விட்ட கரண்டி மாதிரி, சும்மா சுற்றியது. நான்காவதும் இல்லை. வீடு வரை இரண்டாவது கியரிலேயே, எஞ்சின் ஓலமிட, ஊர்வலமாக வந்தோம். பக்கத்து வீட்டு அங்கிள் இந்தத் தடவை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மச்சான் சத்தத்தை வைத்தே வெளியே வந்துவிட்டார். கியர் தலையை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். தெருமுனையில் ஒரு பட்டறை இருந்தது. மெக்கானிக்கை அங்கே ஃபோர்மன் என்கிறார்கள். சீனர், மச்சானுக்குப் பழக்கம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னதை மச்சான் எனக்குச் சொன்னார். கியர் கம்பியும் பெட்டியும் சேருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. அது பல வருஷமாகத் தேய்ந்து, இன்று நொறுங்கிவிட்டது. தள்ளியதால் போயிருக்குமா என்று கேட்டேன். என்றைக்கு வேண்டுமானாலும் போயிருக்கும் என்றார் ஃபோர்மன். இன்றைக்குப் போகாமலும் இருந்திருக்கலாம் என்று நானே சேர்த்துக்கொண்டேன். பெட்டாலிங் ஜெயா வரை போன் போட்டுப் பார்த்தார்கள். பழைய மாடல், புது வளையம் திங்கட்கிழமைக்கு மேல்தான் வருமாம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

ஃபோர்மன் கம்பி வைத்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். ஓடும், ஆனால் கியர்கள் எல்லாம் வீடு மாறிவிட்டன, தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றார். நான் தேடினேன். இரண்டு என்று நினைத்துப் போட்டால் நான்கு விழுந்தது. மூன்று என்று தள்ளினால் கரகரவென்று பல்லைக் கடித்தது. முப்பது வருஷக் கை வியர்த்துப் போனது.

மாலையில் தர்ஷினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இரண்டு கையிலும் காயாத மருதாணி. "மாமா, நாளைக்கு அம்மா காடியிலயே போயிடலாம். எனக்கு ஓகேதான். அப்பாகிட்ட நீங்க சொல்லிடுங்களேன். நான் சொன்னா அழுதுடுவேன், மருதாணிக் கையால கண்ணகூடத் தொடைக்க முடியாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனுஷன் இத்தனை வருஷமாக ஆசையோடு வைத்திருந்ததை, விருந்தாளியாக வந்து ஒரே நாளில் உடைத்துவிட்டேன். சொல்லித்தானே ஆக வேண்டும் என்று வாசலுக்குப் போனேன்.

மச்சான் வெள்ளைக் காரில் இருந்தார். டிரைவர் பக்கம் கிளட்ச் இடிக்கும், பட்டைக் காலை நீட்ட முடியாது, அதனால் பக்கத்து இருக்கையில். எஞ்சின் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் கியர் கம்பியை மெதுவாக இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். நான் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன்.

"மூணாவது கெடச்சிருச்சு மச்சான்," என்றார் கண்ணைத் திறக்காமல். "முன்ன இருந்த எடத்துல இல்ல. கொஞ்சம் தள்ளி ஒளிஞ்சிருக்கு. எங்க, ஸ்டார்ட் பண்ணி கிளட்ச் மிதிங்க."

மிதித்தேன். கியர் தலையில் அவர் கை அசைந்தது. சத்தமே இல்லாமல் ஏதோ விழுந்தது. "விடுங்க" என்றார். விட்டேன். வண்டி குதிக்காமல் நகர்ந்தது.

தாமானை ஒரு சுற்று வந்தோம். அவர் "ஆங்" என்றால் நான் மிதிக்க வேண்டும். "விடுங்க" என்றால் விட வேண்டும். ஆக்சிலேட்டர், பிரேக், ஸ்டியரிங் என் பொறுப்பு. கியரும் ஹேண்ட்பிரேக்கும் அவர் பொறுப்பு. முதல் சுற்றில் அவர் சொல்வதற்குள் நான் விட்டுவிட்டுக் கரகரத்தது. இரண்டாவது சுற்றில் நான் வாத்தியார் என்பதை மறந்துவிட்டுச் சொன்னதைச் செய்தேன். மூன்றாவது சுற்றில் அங்கிள் கைதட்டினார். நான் என்ன சொல்ல வந்தேன் என்று மச்சான் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

செல்விக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஒரு காரை இரண்டு பேர் ஓட்டுவதை உலகத்தில் எங்கேயாவது பார்த்ததுண்டா, முகூர்த்தம் தப்பினால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஞாயிறு காலை பூமாலை சுற்றிய வெள்ளைக் கார் புறப்பட்டது. முன்னால் மச்சானும் நானும் பட்டு வேட்டியில். பின்னால் தர்ஷினியும் செல்வியும். ஃபெடரல் ஹைவே அகலமான சாலை. மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பாதையே உண்டு. கரூர் பைக்காரர்களை அதில் விட்டால் நம் காருக்கும் ரோட்டில் இடம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "ஆங்", "விடுங்க", "ஆங்", "விடுங்க" என்று மந்திரம் மாதிரி மச்சான் சொல்லிக்கொண்டே வந்தார். நான்காவது கியரில் வண்டி சீராக ஓடியபோது செல்விகூடப் பூவைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பிரியும் மேம்பால ஏற்றத்தில் ஜாம். சரிவில் நிற்கிறோம். பின்னால் மூக்கை உரசிக்கொண்டு ஒரு கார், கண்ணாடியில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் என்று காட்டும் பெரிய P எழுத்து. அந்தப் பெண் பிள்ளையின் பயந்த முகம் எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. முன்னால் வண்டிகள் நகர்ந்தன. எங்கள் வண்டி பின்னால் ஓர் அடி உருண்டது. எனக்குப் பதறிவிட்டது. மச்சான் சொல்வதற்குள் கியரை நானே பிடித்துத் தள்ளினேன். விழுந்தது மூன்று. எஞ்சின் ஒரு குலுக்கலோடு நின்றது. செல்வி பின்னாலிருந்து மணியைச் சொன்னாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. யாராவது அடித்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

மச்சான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். பிறகு கியருக்கு வந்த அவர் கை, அங்கேயே இருந்த என் கைமேல் பட்டது. நான் எடுக்கவே மறந்துபோயிருந்தேன்.

"மாமா," என்றாள் தர்ஷினி பின்னாலிருந்து, நிதானமாக. "நீங்க கியரத் தொடாதீங்க. கால் மட்டும் பாருங்க. ஸ்கூல் போறப்ப நான் இப்படித்தான் முன்னால உக்காந்து கியர் போடுவேன், அப்பா கிளட்ச் மிதிப்பாரு. ஒருநாள்கூட காடி நின்னதில்ல."

நேற்று வாசலில் இந்த வித்தை மச்சானுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

நான் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன். "ஆங்" என்றார். மிதித்தேன், ஸ்டார்ட் செய்தேன். முதல் கியர் விழுந்தது. எஞ்சின் சத்தம் கூடியதும் ஹேண்ட்பிரேக்கைப் பூப்போல இறக்கினார். "விடுங்க, மெதுவா, இன்னும் மெதுவா." வண்டி ஒரு நூல்கூடப் பின்னால் போகாமல் ஏறியது.

கோயில் வாசலில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. மற்ற கார்களுக்குக் குறுக்கேதான் இடம். அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினேன். இந்தத் தடவை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஆங்" என்றார் மச்சான். கிளட்ச்சை அடி வரை மிதித்தேன். அவர் கை கியர் தலையில் இருந்தது. இழுக்கவில்லை.

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, வளையல் குலுங்க, மருதாணிக் கை ஒன்று நீண்டு வந்தது. "இத நான் போடறேன்பா" என்றாள். கியர் தலையில் இருந்த அவர் கைமேல் தன் கையை வைத்து மெதுவாக இழுத்தாள். ஒரு சத்தமும் இல்லாமல் நியூட்ரலுக்கு வந்தது. "ஃப்ரீல இருக்குப்பா. யாரு வேணாலும் தள்ளிக்கலாம்."

அவர் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நியூட்ரலுக்கு வந்த பிறகு கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. முப்பது வருஷம் ஓட்டியவனுக்கு இது தெரியாதா? ஆனால் மச்சான் இன்னும் 'விடுங்க' என்று சொல்லவில்லை. இடது கால் கடுக்க ஆரம்பித்தது. நான் அடி வரை மிதித்தபடியே இருந்தேன்.